புது போனைத் திறந்தும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரில் புது போன்களைப் பற்றி வரும் பகுதியை விடாமல் படிக்கிறேன். செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் படித்தே ஆகவேண்டும், காலையில் நீங்கள் எதைப் போடுகிறீர்களோ அதைத்தான் சாயங்காலம் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஐபோன் 16 பற்றி வந்ததையும் படித்தேன். கேமரா, கலர், விலை எல்லாம் சரியாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த போனில் நான் பார்த்த பெரிய புதுமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெளிப்பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைமேல் டெம்பர் கண்ணாடி ஒட்டுவதற்காக ஒருவர் கொண்டுவந்தபோதுதான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தேன். எடை 170 கிராம்தான், அலுமினிய ஃப்ரேம், ஓரம் கையை உறுத்தவில்லை. பின்பக்கக் கண்ணாடி மேட் ஃபினிஷ், கை ரேகை ஒட்டாது, அந்த அல்ட்ராமரைன் நீலம் நேரில் பார்க்க ரொம்ப நன்றாக இருக்கிறது. வலப்பக்கம் கீழே கேமராவுக்கென்று தனி பட்டன் கொடுத்திருக்கிறார்கள். போனைப் படுக்கையாகப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தானாக அதன்மேல் போய் உட்காருகிறது, லேசாக அழுத்தித் தேய்த்தால் ஜூம் ஆகிறது, அழுத்தினால் படம். நிமிர்த்திப் பிடித்தால் மட்டும் கட்டைவிரலை வளைத்து எட்டவேண்டியிருக்கிறது, சின்னக் கைக்காரர்களுக்கு அது தோதுப்படாது. 79,900 ரூபாயில் விற்பனைக்கு வந்த போனில் திரை இன்னமும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படம் மாறும், 15,000 ரூபாய் போனிலேயே 120 கிடைக்கிற காலத்தில் இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பெட்டியில் கேபிள் இருக்கிறது, சார்ஜர் கிடையாது.

இனி உள்பக்கம். கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் அதே மாடலைக் கீழே போட்டுப் பின் கண்ணாடி நொறுங்கிப்போய்க் கொண்டுவந்தார். ஐபோன் 8-லிருந்து 13 வரைக்கும் பின் கண்ணாடியை ஃப்ரேமோடு சேர்த்து அப்படியே ஒட்டியிருப்பார்கள், லேசர் மெஷின் இருக்கிற கடைக்குத்தான் அனுப்பவேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. கீழே இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அளவாகச் சூடு காட்டி, உறிஞ்சு கப் வைத்துத் தூக்கினால் முதுகு தனியாக வந்துவிடுகிறது. திறந்ததும் பேட்டரி கண்ணுக்கு நேராக இருக்கிறது, டிஸ்ப்ளேயைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைதான் நான் சொல்ல வந்த விஷயம். இது கரண்ட் கொடுத்தால் பிடியை விடுகிற பசை. ஒரு 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை போன் பேட்டரியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோகப் பட்டையிலும் இன்னொரு முனையை ஃப்ரேமிலும் கொடுத்து, ஒன்றரை நிமிஷம் வைத்தால் போதும், பேட்டரி கையோடு வந்துவிடும் என்று ஆப்பிள் தன்னுடைய ரிப்பேர் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எந்த சர்வீஸ் கடையிலும் மல்டிமீட்டருக்குள் கிடக்குமே, அதே சதுரப் பேட்டரிதான்!

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், பேட்டரி கழற்றுவதுதான் எங்கள் வேலையிலேயே பயமான வேலை. பல போன்களில் முரட்டுப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஹீட் கன் காட்டி, ஓரத்தில் பசையை இளக்குகிற ஐபிஏ ஆல்கஹால் விட்டு, பிளாஸ்டிக் கார்டை உள்ளே நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பவேண்டும். ஏற்கனவே உப்பிப்போன பேட்டரி என்றால் அது வளையும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், எங்காவது ஓட்டை விழுந்தால் புகை, அடுத்த நொடி தீ. பழைய ஐபோன்களில் இழுத்தால் நீண்டு வெளியே வருகிற டேப் இருக்கும், அது பாதியில் அறுந்துவிட்டால் மறுபடியும் இதே கதைதான். வேலை பழகுகிற பையன்கள் கையில் உப்பின பேட்டரியை நான் கொடுப்பதே இல்லை. விலை கூடிய 16 ப்ரோவில் இந்தப் பசை இல்லாமல் அதே பழைய டேப்பைத்தான் வைத்திருக்கிறார்கள், அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் புகாமல் இருக்கவேண்டுமானால் இறுக்கி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இந்த போனும் தண்ணீரையும் தூசியையும் தாங்குகிற ஐபி68 தரம்தான், திறந்து மூடும்போது ஓரப் பசையைப் புதிதாகப் போட்டால் சரி. ஆக, மனது வைத்தால் முடியும்.

பிரான்சில் 2021-லிருந்து 2025 வரை ஒவ்வொரு போனுக்கும் ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, விலைக்குப் பக்கத்திலேயே காட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் இதற்காகவே ஒரு குழு அமைத்தது. அந்த மதிப்பெண் பெட்டிமேல் சீக்கிரம் வரவேண்டும், பத்திரிகைகள் கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும். இரண்டு வருஷத்தில் பேட்டரி இறங்கிவிட்டது என்று நன்றாக ஓடுகிற போனை மாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், பேட்டரியை மட்டும் மாற்றினால் அது இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும். இ.எம்.ஐ. கட்டி வாங்குகிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

அதனால் அடுத்த போனைப் பற்றி எழுதும்போது மெகாபிக்சலோடு சேர்த்து, அது எந்தப் பக்கமாகத் திறக்கிறது, பேட்டரி எப்படி வெளியே வருகிறது, டிஸ்ப்ளே உடைந்தால் எவ்வளவு ஆகும் என்று நாலு வரி போடுங்கள். உங்கள் நிருபர் எந்த ஊர் சர்வீஸ் கடைக்குப் போய்க் கேட்டாலும் திறந்தே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
திண்டுக்கல்