மாத்திரை தருபவரே சம்மதக் கையெழுத்தும் வாங்க வேண்டாம்

மருத்துவமனை நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசு ஓஎஸ்டி மையத்தில் (ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்குப் பதிலாக மாற்று மருந்து தரும் இடம்) தினமும் புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தை எடுத்துக்கொண்டு ஹெராயினிலிருந்து மீண்டு வருபவன் நான். எங்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தருவது நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

மையத்தில் காலையில் நடப்பதைச் சொல்கிறேன். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார். கரையும் வரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. அப்புறம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். முந்தின நாள் வராதவர் வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்: மருந்து தவறியதால் கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல். அந்த நேரத்தில் அதே நர்ஸோ கவுன்சலரோ ஒரு படிவத்தை நீட்டி, "ஒரு ஸ்டடி இருக்கு, சேர்றீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் மாட்டேன் என்றால் நாளைக்கு டோஸில் கை வைப்பார்களோ என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. பயத்தில் போட்ட கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்பது?

நான் இன்று எடுத்துக்கொள்ளும் மருந்துக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில், லெக்சிங்டன் என்ற ஊரில் போதை நோயாளிகளான கைதிகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. ஒரு காலத்தில் கலந்துகொண்டதற்குக் கூலியாகப் போதை மருந்தையே கொடுத்தார்கள். புப்ரெனார்பின் அடிமைப்படுத்துமா என்று டொனால்ட் ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு சோதித்ததும் அங்கிருந்த கைதிகளிடம்தான். முடிவுகள் 1978இல் வெளிவந்தன. அதற்குள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் சபையில் விசாரணை நடந்து, கைதிகளை வைத்து ஆய்வு செய்வது அங்கே நின்றுபோயிருந்தது. அவர்கள் பட்டதன் பலனைத்தான் நான் தினமும் அனுபவிக்கிறேன். அது எனக்கு உறுத்துகிறது.

அதற்காக, 'போதை நோயாளிகள், எதற்கு வம்பு' என்று எங்களை எல்லா ஆய்விலிருந்தும் ஒதுக்கிவிடாதீர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் மெத்தடோன் (புப்ரெனார்பின் போல இன்னொரு மாற்று மருந்து) அளவை வேகமாகக் குறைத்துவிடும். மெத்தடோன் எடுப்பவர்களைச் சேர்த்து ஆராய்ந்ததால்தான் இது தெரிந்தது. இல்லாவிட்டால் மருந்து குறைந்ததால் திடீரென்று வித்ட்ராவல் (உடம்பு படும் அவஸ்தை) வந்து துடிப்பவரை, மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று திட்டித்தான் அனுப்பியிருப்பார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி மருந்துகளிலும் எங்கள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஆகவே சேருங்கள், முறையாகச் சேருங்கள். சம்மதம் வாங்குபவர் டோஸ் தரும் ஆளாக இருக்கக் கூடாது. டோஸ் எடுத்து உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகு பேசட்டும். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி மறுநாள் பதில் கேட்கட்டும். சேர்ந்தாலும் மறுத்தாலும் நடுவில் விலகினாலும் சிகிச்சை மாறாது என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஆய்வுக்காக எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு போலீசுக்கோ வீட்டுக்கோ போகாது என்றும் எழுதுங்கள்.

பணமும் அப்படித்தான். கையில் காசு கொடுத்தால் பவுடர் வாங்கிவிடுவான் என்று எங்களுக்கு மட்டும் பிஸ்கட்டும் சோப்பும் தராதீர்கள். எங்களில் பலர் தினக்கூலிகள். அரை நாள் ஆய்வில் உட்கார்ந்தால் அரை நாள் கூலி போகும். மற்றவர்களுக்குத் தரும் பேருந்துக் கட்டணத்தையும் ஈட்டுத்தொகையையும் எங்களுக்கும் கொடுங்கள்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி, நோயாளிகளின் பிரதிநிதியைக் கூட்டத்துக்கு அழைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. அவருக்கு ஓட்டு இருக்காது, பரவாயில்லை. அடுத்து எங்களைப் பற்றிய ஆய்வு உங்கள் மேசைக்கு வரும்போது, சிகிச்சையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு அந்தச் சம்மதப் படிவத்தைப் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓஎஸ்டி சிகிச்சையில் இருக்கும் ஒருவன்