கார்க் கதவுக்குப் பணம் தந்தீர்கள், அந்தத் தம்பியின் காலுக்கு ஏன் தரவில்லை?

நானுஓயா
2025 ஓகஸ்ட் 4

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு

ஐயா / அம்மணி,

11 வருடங்களாக உங்கள் கம்பனியில்தான் என் காருக்கு முழுக் காப்புறுதி எடுத்து வருகிறேன். ஒரு வருடம்கூடக் கட்டுப்பணம் பிந்தியதில்லை. இப்போது எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை. என் கார் பட்டுக் கால் முறிந்த ஒருவரை ஒன்பது மாதமாக நீங்கள் அலைக்கழிக்கிறீர்கள், அதையும் என் பெயரைச் சொல்லிச் செய்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கோப்பில் இருப்பது வேறு கதை.

2024 நவம்பர் 6, காலை ஆறேகால் இருக்கும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். பிளக்பூலுக்குக் கொஞ்சம் முன்னால் வலப்பக்கமாக ஒரு சின்ன ரோட்டு போகிறது. என் விதைக் கடையின் ஸ்டோர் அங்கேதான். அன்று நல்ல பனிமூட்டம். எதிரே ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் வரவில்லை என்று நினைத்து வலப்பக்கம் திருப்பிவிட்டேன். அதுதான் என் பிழை. மேலிருந்து லீக்ஸ் மூட்டையோடு சைக்கிளில் இறங்கி வந்த 22 வயதுத் தம்பி, என் இடப்பக்க முன்கதவில் மோதி விழுந்தார். நான் இறங்கி ஓடியபோது சைக்கிளின் பின்சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. லீக்ஸ் ரோட்டெல்லாம் சிதறிக் கிடந்தது. "ஐயா, ஏழு மணிக்கு லொறி போயிரும்" என்றுதான் அவர் முதலில் சொன்னார். முழங்காலுக்குக் கீழே கால் திருகிக் கிடந்தது அப்போது அவருக்கே தெரியாது.

1990க்கு அழைத்தேன், அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. பொலிசுக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொன்னேன். உங்கள் மதிப்பீட்டாளர் முக்கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டார், அதற்கு நன்றி. கதவையும் கண்ணாடியையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். சைக்கிளையும் ஒரு படம் எடுங்கள் என்று நான்தான் கேட்டேன். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் இன்று "சைக்கிளில் லாம்பு எரியவில்லை" என்று எழுதுகிறீர்கள்.

கதவுக்கும் கண்ணாடிக்கும் 86,400 ரூபாய், இரண்டே வாரத்தில் கராஜுக்குக் கட்டிவிட்டீர்கள். காலுக்குள் தகடு வைத்து, நாலு மாதம் லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வராமல் கிடந்த பிள்ளைக்கு இன்றுவரை ஒரு சதம் இல்லை.

நட்டஈடு தர மறுத்து ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய கடிதத்தில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

அடி காரின் பக்கவாட்டில்தான் பட்டிருக்கிறது, எனவே சைக்கிள்தான் வந்து மோதியது என்கிறீர்கள். கதவில்தான் மோதினார், சரி. அந்தக் கதவு அவர் பாதையில் எப்படி வந்தது? நான் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினேன். நேரே வருபவருக்கு வழிவிட்டுத்தான் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது லைசன்ஸ் எடுக்கப் போகிற பிள்ளைக்கும் தெரியும். நசுங்கிய இடத்தை மட்டும் பார்த்துப் பிழை யாருடையது என்று முடிவுகட்ட முடியாது.

லாம்பு விடயத்தை நான் மறைக்கவில்லை. அது எரியவில்லை என்று பொலிசில் நானே சொன்னேன், அந்தத் தம்பியும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதற்காக முழுவதையும் மறுக்க முடியுமா? நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேட்டேன். இரண்டு பக்கமும் கவனக்குறைவு இருந்தால் அவரவர் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கத்தான் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்றார். லாம்புக்காக ஒரு பங்கைக் கழியுங்கள், அதைப் பற்றிப் பேசலாம். ஒன்றுமே கிடையாது என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அப்புறம் பில் கேட்டீர்கள். அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தவர். இந்த நாட்டில் அங்கே பில் போடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? சம்பளச் சிட்டையும் கேட்டீர்கள். மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு யார் சிட்டை எழுதிக் கொடுப்பார்கள்? தோட்டக்காரர் கொடுத்த கடிதமும், நாளுக்கு 2,500 ரூபாய் என்று கணக்கு எழுதிய கொப்பியின் பிரதியும் மார்ச் மாதமே உங்கள் கிளையில் இருக்கின்றன. மருந்துச் செலவு மட்டும்தான் நட்டம் என்றில்லை. இழந்த உழைப்புக்கும், பட்ட வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்க நம் சட்டத்தில் உரிமை இருக்கிறது. பாத்தி பாத்தியாக ஏறி இறங்கி வேலை செய்தவர் இன்று தண்ணீர்க் குழாயடிவரை கம்பு ஊன்றித்தான் போகிறார்.

நான் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதால், பொறுப்பேற்கக் கூடாது என்ற காப்புறுதிப் பத்திர நிபந்தனையை மீறிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கம்பனியைக் கேட்காமல் யாருக்கும் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, கம்பனிக்காகப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. நான் ஒரு ரூபாயும் தருவதாகச் சொல்லவில்லை. செய்ததைச் செய்தேன் என்று நீதவான் முன்னால் சொன்னேன். அங்கே பொய் சொல்லச் சொல்லி ஒரு காப்புறுதிப் பத்திரம் என்னைக் கட்டிப்போடும் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது ஜூலையில் நடந்தது. ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியின் அம்மா எனக்குக் கோல் எடுத்தார். "மொதலாளி, கம்பனியில இருந்து வந்திருக்காங்க. பதினஞ்சாயிரம் தாராங்களாம், பேப்பர்ல ஒப்பம் போடச் சொல்றாங்க. என்னா எழுதியிருக்குன்னு தெரியல" என்றார். போட வேண்டாம் அம்மா, வருகிறேன் என்று ஓடினேன். நான் போகும்போது உங்கள் ஆள் இல்லை, காகிதம் மட்டும் ஸ்தோப்பு வாங்கில் கிடந்தது. முழுக்க ஆங்கிலம். 15,000 ரூபாயோடு எல்லாம் தீர்ந்தது, இனி உங்களிடமோ என்னிடமோ எதுவும் கேட்கமாட்டோம், வழக்கும் போடமாட்டோம் என்று எழுதி, ஒப்பம் வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி. கொழுந்து பறித்துக் கறுத்த அந்த விரல் அந்தப் புள்ளடியில் ஒருமுறை பட்டிருந்தால், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அந்தக் காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பிரதியை இணைத்திருக்கிறேன்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது கார்க்காரனின் கதவுக்காக அல்ல. ரோட்டில் நடந்தோ சைக்கிளிலோ போகிறவருக்கு வாகனத்தால் உயிரோ உடம்போ போனால் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் காப்புறுதி அத்தாட்சி இல்லாமல் வாகனத்துக்கு வருடாந்த வரிப்பத்திரம்கூட எடுக்க முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் நான் பணம் கட்டினேன்.

தீர்ப்பு வந்தால்தான் தருவோம் என்று கிளையில் சொன்னார்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் நீங்கள் கட்டத்தான் வேண்டும். அதற்கு முன்பே பேசித் தீர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. இப்படியான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது மாதம் போய்விட்டது. 2026 நவம்பர் வரை இழுத்தடிக்கும் எண்ணம் இருந்தால் அது நடக்காது. வழக்குச் செலவில் என் பங்கைக் கொடுக்க நான் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டேன். சாட்சிக்கூண்டில் ஏற்றினால் பொலிசில் சொன்னதையேதான் அங்கேயும் சொல்வேன். நட்டஈடு கோராதவருக்குக் கட்டுப்பணத்தில் தரும் போனஸ் கழிவு இல்லாமல் போகும் என்று கிளையில் எனக்கு நினைவூட்டினார்கள். போகட்டும்.

அந்த ஒப்பக் காகிதத்தை வாபஸ் பெற்றதாக எழுத்தில் தாருங்கள். அவரது கோரிக்கையை முறையாகப் பதிந்து, லாம்புக்கு எத்தனை வீதம் கழிக்கிறீர்கள், ஏன் என்று கணக்கோடு சொல்லுங்கள். இனி அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவதானால் தமிழ் தெரிந்தவரை, முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். 21 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு இதே கடிதத்தை இணைப்புகளோடு அனுப்புவேன்.

பதிலைத் தமிழில் எழுதுங்கள். நான் அதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் காப்புறுதிதாரர்