ஊவா டீயும் உறையூர்ச் சுருட்டும்

அன்புள்ள மாப்ளே,

பார்சல் வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும், ஆனால் நீ அனுப்பிய மூன்று தேயிலையையும் நிதானமாகக் குடித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவன் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வந்து போனான். என் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் சிரமம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு இவளுக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாயே, "சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு இதைக் குடித்துக் கெடுத்துவிடாதே" என்று, அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நீ கொழுந்து பறித்த அம்மாவின் மகன், தேயிலையைப் பற்றி நீ சொன்னால் நான் மறுபேச்சு பேசக் கூடாதுதான். ஆனாலும் இதில் நீ பாதி சரி, பாதி தப்பு.

முதலில் நீ சரியான பாதி. ஜனவரியில் பறித்த அந்தக் குன்னூர்ப் பனிக்காலத் தேயிலை இருக்கிறதே, அதை முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை, தம்ளருக்கு ஒரு ஸ்பூன், மூன்று நிமிடம். தண்ணீர் வெளிர்மஞ்சளாக, கொஞ்சம் பச்சை தட்டினாற்போல் இறங்கியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பூவாசம். பிற்பாடு தொண்டையில் ஒரு தித்திப்பு நின்றது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் செடி மெதுவாக வளர்வதால்தான் இந்த மணம் என்று நீ ஒருமுறை தோட்டத்திலேயே நிறுத்தி விளக்கினாய், எனக்கு அப்போது குளிரில் பல் தந்தியடித்ததே தவிர ஒன்றும் ஏறவில்லை. இப்போது புரிகிறது. அரைத் தம்ளர் குடித்துவிட்டு நம்மூர்ச் சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்தேன். நாலே இழுப்புதான். அடுத்த மடக்கில் டீ வெறும் வெந்நீராகிவிட்டது. பூவும் இல்லை, தித்திப்பும் இல்லை. மிச்சத்தைக் குடிக்கவே மனசு வரவில்லை. அந்தப் பொட்டலத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டேன், இனி அதற்குப் பக்கத்தில் புகை வராது.

அடுத்த ஞாயிறு உன் பெரியம்மா மகள் இலங்கையில் பண்டாரவளையிலிருந்து கொடுத்துவிட்ட, அந்த ஊவா மலைப்பக்கத்துத் தேயிலை. மாப்ளே, இங்கேதான் நீ தப்பு. கச்சான் காற்று அடிக்கும் ஆகஸ்டில் பறித்தது என்று கவர் மேலேயே எழுதியிருந்தது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும்போது இலை வாடி, உள்ளே இருப்பதெல்லாம் திரண்டுகொள்ளும் என்று உன் அப்பா சொல்வாரே, அந்தத் தேயிலை. செம்புச் சிவப்பில் இறங்கியது. வாயில் வைத்ததும் துவர்ப்பு, அதன் பின்னால் தைலம் தடவினாற்போல் ஒரு குளிர்ச்சி. இதற்குச் சுருட்டைப் பற்ற வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சுருட்டின் காரம் நாக்கில் எண்ணெய் மாதிரி படிந்து உட்காரும். அதை இந்தத் துவர்ப்பு வழித்து எடுத்துவிடுகிறது, வாய் சுத்தமாகி அடுத்த இழுப்பு முதல் இழுப்பு போலவே இருக்கிறது. அந்தத் தைலக் குளிர்ச்சியோ புகைக்குப் பிறகு இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. ஒரு மணி நேரம் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இவள் வந்து "என்ன, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுருட்டு எது என்று கேட்பாய். மூன்று தெரு தள்ளி இன்னும் ஒரு பட்டறை நடக்கிறது. நம் காலேஜ் காலத்தில் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை. போன மாதம் உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, தண்ணீர் தெளித்து இளக்கிய இலையை மடியில் விரித்து, நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்து எடுக்கிறார். உள்ளே வைக்கும் துண்டு இலைகளை உள்ளங்கையில் சேர்த்து ஒரு அமுக்கு. பிறகு பலகையில் வைத்து மேலிலையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், நுனியில் பசை ஒரு பொட்டு, இரண்டு பக்கமும் கத்தியால் ஒரு வெட்டு. இடையில் ஒருதரம்கூடக் கையைப் பார்க்கவில்லை, என்னிடம் பேரன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அளவுகோல் கிடையாது, ஆனால் கட்டுக்குள் இருந்த சுருட்டெல்லாம் ஒரே உயரம். வெள்ளைக்காரன் திருச்சிச் சுருட்டு என்று கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதும், அவன் பாஷையில் 'செரூட்' என்று எழுதிக்கொண்டதும் இந்தச் சுருட்டைத்தான். சர்ச்சிலுக்கு இங்கிருந்துதான் போனது என்று உறையூரில் சொல்லாத ஆள் இல்லை. அவர் வாயில் வைத்தது பெரும்பாலும் கியூபாச் சுருட்டு. அதனால் நம் சுருட்டுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

கியூபா என்றதும் ஞாபகம் வருகிறது. சின்னவன் வரும்போது கியூபாச் சுருட்டு ஒன்றும், சீனாவின் யூனான் தேயிலையில் ஒரு வட்டும் வாங்கி வந்தான். பூ-ஏர் என்கிறான், வறட்டி மாதிரி அமுக்கிக் காயவைத்து 357 கிராம் எடையில் தாளில் சுற்றி விற்கிறார்கள். கத்தி முனையால் பெயர்த்து எடுக்க வேண்டும். முதல் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னான், சரி என்று கொட்டினேன். மழை பெய்து ஓய்ந்த தோப்பு மண்வாசம், துவர்ப்பே கிடையாது, கறுப்பாக மழுமழுவென்று இறங்குகிறது. அந்தக் கியூபாச் சுருட்டு நம்முடையதைவிட மென்மை, மரவாசனையும் லேசான இனிப்பும். அதற்கு இந்த மண்வாசம் நன்றாகச் சேர்ந்தது. நம்மூர்ச் சுருட்டுக்கு அதே பூ-ஏர் சப்பென்று இருந்தது. ஆகவே எடைக்கு எடை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் போல. காட்டமான புகைக்கு முதுகெலும்பு உள்ள டீ, மெல்லிசான புகைக்கு மெல்லிசான டீ. கடை டஸ்ட் டீயில் பால் ஊற்றிக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் பால் துவர்ப்பை அமுக்கிவிடுவதால் வாய் சுத்தமாவதில்லை, புகையும் பாலும் கலந்து நாக்கில் ஒரு பிசுக்கு நிற்கிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, உன் பார்சலில் மிச்சம் இருந்த இலங்கைத் தென்பகுதியின் தாழ்நிலத் தேயிலை, ருஹுணு என்று எழுதியிருந்தாயே, அதை எங்கள் தாத்தா குடித்த மாதிரி போட்டேன். கொதிக்கிற தண்ணீரில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு சில்லு, தட்டிய சுக்கு கொஞ்சம், இறக்கி வைத்துவிட்டு அப்புறம் தேயிலை. தாத்தா மத்தியானச் சாப்பாடு முடிந்து இதே திண்ணையில் பித்தளை டம்ளரும் பாதிச் சுருட்டுமாக உட்காருவார். பாதிக்கு மேல் பிடிக்க மாட்டார், சுவரில் தேய்த்து அணைத்து மிச்சத்தைக் காதிடுக்கில் செருகிக்கொள்வார். ஆடி மாதம் கருப்பசாமிக்குச் சுருட்டு படைக்கப் போகும்போது மட்டும் முழுக்கட்டு வாங்குவார். அந்தக் கருப்பட்டி வாசமும் புகையும் கலந்து வந்ததும் அவர் துண்டு வாசமே வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டேன், மாப்ளே. மூன்றிலும் எனக்கு எது உசத்தி என்றால் இதுதான். கருப்பட்டியில் ஒரு கருகல் இனிப்பு இருக்கிறது பார், அது புகையிலையின் கசப்பைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. வெள்ளைச் சர்க்கரை போட்டால் இது நடக்காது, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். டாக்டர் முழுசாக விடச் சொல்லியிருக்கிறார், அவர் சொல்வது சரிதான். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் தப்பித்தோம் என்று நம் ஆட்கள் நினைப்பது தப்பு, வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுநோய்க்கு அது போதும். தினம் இரண்டு என்று இருந்ததை வாரத்துக்கு அரைச் சுருட்டாக்கிவிட்டேன், பொங்கலோடு அதையும் நிறுத்துவதாக இவளிடம் சொல்லியிருக்கிறேன். டீயையும் ஆறவைத்துத்தான் குடிக்கிறேன். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்குக் கெடுதலாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2016லேயே சொல்லிவிட்டது, புகையோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம். ஆறினால் ஊவா இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் அந்தக் கொதிநீர்ப் பழக்கத்தை விடு. உன் தோட்டத்து லயன் வரிசைவீட்டுக் குளிர் இப்போது இல்லை.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. அந்த ஊவாப் பொட்டலத்தில் பாதியைச் சுருட்டு இருந்த எவர்சில்வர் டப்பாவுக்குப் பக்கத்தில், அதே அலமாரியில் வைத்துவிட்டேன். பத்து நாளில் தேயிலை முழுக்கப் புகையிலை நாற்றம். தேயிலை எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த கொழுந்தை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று ராத்திரி தூக்கமே வரவில்லை. உன் பெரியம்மா மகளிடம் இதைச் சொல்லிவிடாதே, அவள் எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாளோ.

1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் உங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து இங்கே வர, அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் மூன்றே தடவைதான் பார்த்துக்கொண்டீர்கள் என்று போனில் சொன்னாய். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. வரும் ஆகஸ்டில், கச்சான் காற்று அடிக்கும்போது போகலாமா? நான் கூட வருகிறேன். தங்கச்சியையும் கேட்டுவிட்டு எழுது. அதற்குள் ஜனவரியில் குன்னூர் வருகிறேன், புதுப் பனிக்காலத் தேயிலை கால் கிலோ எடுத்து வை. பையில் சுருட்டு இருக்காது.

அன்புடன்,
உன் மாப்ளே
உறையூர்