எதிர்ப்பைக் கூட்டச் சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது, வைரஸ் கிட்டவே வராது" என்று ஒரு வரி. என் மகளும் வாசித்தாள். "எனக்குத்தான் எக்கச்சக்கமா இருக்கேப்பா" என்று சிரித்தாள். ஏழு வருடமாக லூபஸ் அவளுக்கு, எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிற நோய்.

வைரஸ் வந்ததைச் செல்களுக்கு அறிவிக்கிற புரதமான இன்டர்ஃபெரானை 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. செல்லுக்குள் வந்ததும் ரிக்-ஐ என்ற புரதம் மோப்பம் பிடிக்கும். சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் வெளியே போய் அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். இதுவரை கட்டுரை சரி. அப்புறம்? அதே செல்கள் யூ.எஸ்.பி.18, சாக்ஸ்1 என்ற புரதங்களை உண்டாக்கி அந்தக் கூச்சலைத் தாமே அடக்குகின்றன. அதற்கு ஒரு வரி கிடையாது. வாளேந்திய வெள்ளையணுப் படத்துக்கு மட்டும் அரைப் பக்கம்.

அடங்காவிட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டில் பார்க்கலாம். காலையில் அவளுக்கு விரல் மடங்காது. சட்டைப் பித்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். லூபஸ் உள்ளவர்களில் பலருக்கு, விரட்ட வைரஸ் இல்லாதபோதும் இன்டர்ஃபெரான் ஓய்வதில்லை. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் அதைச் செல்லின் வாசலிலேயே மறிக்கிற மருந்து. உங்கள் கட்டுரைப்படி, அதைச் செய்தவர்கள் பைத்தியக்காரர்கள். 2020இல் வென்டிலேட்டரில் கிடந்த கொரோனா நோயாளிகளின் சாவைக் குறைத்த டெக்ஸாமெதசோனும் எதிர்ப்பை அடக்கும் மருந்துதான். அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டதும் தாங்களே. எதிர்ப்பு குறைந்தாலும் ஆபத்துதான், மறுக்கவில்லை.

தங்களுக்கு இது என் மூன்றாவது கடிதம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சிபாரிசு செய்திருந்தீர்களே, அப்போது ஒன்று எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முந்தையதை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் லூபஸுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தொற்றுநோய்' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். அது தொற்றாது. மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் கைக்குழந்தையை அவளிடம் தரவில்லை. திருத்தம் கேட்டு இரண்டு முறை போன் செய்தேன். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. லூபஸ் போன்ற நோயுள்ளவர்கள், எதிர்ப்பைக் கூட்டும் என்று விற்கிற மாத்திரையையோ பொடியையோ டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். இடமில்லை என்றால் அந்த வெள்ளையணுவின் வாளைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்