செத்தவீட்டில் சபை பார்க்காதீர்கள்: வன்னிப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் ஊழியம் செய்யும் போதகர்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். யுத்தத்துக்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்த அடுத்த வருடம், 2011இல், வாய்க்கால் தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போகாத கிழமைகள் மிகக் குறைவு. இதை முதலே சொல்லிவிடுகிறேன். சபைகளைத் தூற்றி எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருத்தி இல்லை. ஜெபத்தில் உங்களோடு முழங்காலில் நிற்கிறவள்தான் எழுதுகிறேன்.

போன பங்குனியில் என் பெரியம்மா காலமானார். கடைசி மூச்சுவரை சைவம். வைகாசி வந்தால் வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்கு நடந்தே போய்வருவார். அவருடைய மகன் ஒரு சபை, மகள் வேறொரு சபை. காலை பத்து மணிக்கு மகனின் பாஸ்டர் வந்து ஜெபித்தார். பதினொரு மணிக்கு மகளின் பாஸ்டர் ஒலிவாங்கியோடு வந்தார். தேவாரம் பாட வந்த மாமா பந்தலின் ஓரத்தில் புத்தகத்தை மடித்து வைத்துக்கொண்டு இருந்தார். ஒருவர் கொள்ளி வைப்பது அந்நியச் சடங்கு, விசுவாசி செய்யக் கூடாது என்றார். மற்றவர் பெட்டியைத் தங்கள் சபைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். அம்மாவை எரிக்கிறதா புதைக்கிறதா என்று அண்ணாவும் அக்காவும் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்கள். பெரியம்மாவுக்கு எது விருப்பம் என்று அங்கே கேட்டவர் மாமா ஒருவர்தான். “பிள்ளையள், அவ சொல்லிப்போட்டுத்தானே செத்தவ” என்றார். அது எவர் காதிலும் விழவில்லை.

மூன்று மணிவரை பெட்டி வெயிலில் இருந்தது. கடைசியில் பேரன் முறையான ஒரு பொடியன் கொள்ளி வைத்தான். பெற்ற மகன் சுடலைக்குப் போகாமல் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அழக்கூட இல்லை. அழுதால் விசுவாசக் குறைவு என்று நினைத்தாரோ தெரியாது. அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு பிள்ளைகளும் வரவில்லை. இன்றுவரை இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதும் இல்லை.

அந்த இரண்டு பாஸ்டர்மாரும் கெட்டவர்கள் இல்லை. இருவரும் தங்கள் தங்கள் சபையில் உண்மையாக உழைக்கிறவர்கள். அதனால்தான் எனக்கு வேதனை. கெட்டவர்கள் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. செட்டிகுளம் முதலான முகாம்களில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் சனம் முட்கம்பிக்குள் இருந்தோம். திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவரும் தறப்பாளும்தான் மிச்சம். அந்த நாட்களில் எங்கள் கொட்டிலுக்குள் குனிந்து வந்து, பாயில் இருந்து, ‘என்ன நடந்தது, சொல்லுங்கோ’ என்று கேட்டவர்கள் சபையார்தான். நிவாரண அட்டை எழுத வந்தவர்கள் எத்தனை பேர் செத்தது என்று எண்ணிக்கை கேட்டார்கள். நீங்கள் பெயர் கேட்டீர்கள். கணவன் இல்லாத பெண்ணின் வீட்டுக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று உறவுகளே தயங்கியபோது, உங்கள் மனைவிமார் வந்து கூட இருந்தார்கள். சாராயத்தில் கிடந்த எத்தனை ஆண்கள் ஒரு உபவாச ஜெபத்தோடு எழும்பி வேலைக்குப் போனார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை வெளியில் உள்ளவர்கள் பேச மாட்டார்கள். 1958இலும் 1977இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியின் ஓரக் கிராமங்களில் காடு வெட்டிக் குடியிருந்தன. தலைமுறை கடந்தும் அவர்களை ஊர் இழிபெயரால்தான் அழைத்தது. கோயிலில் வெளிவீதியோடு நின்ற அந்தச் சனம், சபையில் முன்வரிசையில் இருக்கிறது, ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொல்கிறது. யாழ்ப்பாணத்துக்கு 1814இல் மெதடிஸ்த மிஷனும் 1816இல் அமெரிக்க மிஷனும் வந்தன. பெரிய பள்ளிக்கூடங்களைக் கட்டிய அந்தத் தேவாலயங்களுக்குள்ளும் சாதி வாங்கு போட்டு உட்கார்ந்திருந்தது. தகரக் கொட்டகைச் சபைகள் அந்த வாங்கைத் தூக்கி எறிந்தன. எங்கள் சபைகள் பிறந்த எழுப்புதலின் ஊற்றே அப்படித்தான். 1906இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா வீதியில் பெந்தெகொஸ்தே எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாய் இருந்த பெற்றோரின் மகன். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக முழங்காலில் நின்ற இடம் அது. சில வருடங்களுக்குள் அந்த இயக்கமும் நிறத்தால் பிரிந்துபோனது. அதை நினைத்துத்தான் எனக்குப் பயம் வருகிறது. கோடுகளை அழித்து வந்த நாங்கள், இங்கே புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீதியில் நடந்தே போகும் தூரத்துக்குள் எத்தனை சபைகள் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றில் அந்நிய பாஷை, அதாவது ஜெபத்தில் ஆவியால் வரும் அறியாத மொழி, பேசாதவர் ஆவியைப் பெறாதவர். இன்னொன்றில் அந்நிய பாஷையே கூடாது. 1920களில் இந்த நாட்டிலேயே உருவான சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வெள்ளை உடுப்பையும் நகையில்லாத கழுத்தையும் மருந்தில்லாத விசுவாசத்தையும் படிப்பித்தது. பக்கத்துச் சபையில் பாஸ்டரே சீனி வருத்தத்துக்கு ஆசுபத்திரியில் குளிசை எடுக்கிறார். குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்ட மெதடிஸ்தப் பிள்ளையைத் திரும்ப முழுக்குகிறோம். ஒரு சபையில் முழுகினவரை மற்றச் சபை மறுபடி முழுக்கிய கதையும் எனக்குத் தெரியும். இதை ஆத்தும ஆதாயம் என்று கணக்கில் எழுதுகிறோம். மந்தையிலிருந்து மந்தைக்கு ஆடு மாறினால் அது என்ன ஆதாயம்?

சொல்லிலும் பிரிந்திருக்கிறோம். கடவுள் என்றால் கத்தோலிக்கர், தேவன் என்றால் சபையார். ஆண்டவர் அங்கே, கர்த்தர் இங்கே. தூய ஆவி அவர்களுக்கு, பரிசுத்த ஆவி எங்களுக்கு. நாங்கள் சபையில் வாசிக்கும் தமிழ் வேதாகமம் பவர் ஐயரின் தலைமையில் 1871இல் முடிந்த திருத்தம். அதற்கு முந்திய பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் பராபரன் என்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் கூட இருந்து உழைத்தவர், பிறகு சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர். நாவலர் கையால் திருத்திய வேதத்தை ஒரு காலத்தில் எங்கள் மண் வாசித்தது. இன்று சைவ மாமா செத்தவீட்டில் தேவாரப் புத்தகத்தைத் திறக்க விடுகிறோமில்லை.

சரி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

என் தம்பி 2009இல் மாத்தளனில் செல் விழுந்து செத்தான். பத்தொன்பது வயது. மண்வெட்டி இல்லை. அப்பா கையாலே மணலைக் கிண்டி, அம்மாவின் சேலையில் சுற்றி, பங்கருக்குப் பக்கத்தில் வைத்தார். தேவாரமும் இல்லை, ஜெபமும் இல்லை, அடுத்த செல் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை இன்று போய்த் தேடினாலும் காண முடியாது. வன்னியில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. செத்தவீடு செய்யாமல் விட்ட சாவுகள்தான் எங்கள் மடியில் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட சனத்துக்கு, செய்யக் கிடைக்கிற ஒரு செத்தவீட்டையும் ஏன் இரண்டாகக் கிழிக்கிறீர்கள்?

யுத்தத்தில் செத்தவர்களை நினைக்கும் மே 18 வந்தால் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, உப்பு, தண்ணீர். அன்றைக்கு உயிர் தப்ப வைத்த சாப்பாடு அது. ஒரு வருடம் என் சபைப் பிரசங்கத்தில், அது செத்தவர்களுக்குப் படைத்த படையல், விசுவாசிகள் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. நான் எழும்பிப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தக் கஞ்சியை எவரும் எந்தச் சிலைக்கும் படைக்கவில்லை. படைத்திருந்தாலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் என்ன சொல்கிறார் என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்றுதான் தொடங்குகிறார். பிறகு, உன் சாப்பாட்டால் உன் சகோதரன் இடறக் கூடாது என்கிறார். இங்கே நாங்கள் சாப்பிடாமல் விட்டதால் அல்லவா சகோதரங்கள் இடறுகிறார்கள்?

செத்தவருக்காக ஜெபிப்பதில்லை என்பது எங்கள் உபதேசம். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் செத்தவருக்காக ஜெபிப்பது வேறு, செத்தவரை நினைப்பது வேறு. யோர்தானைக் கடந்த சனம் பன்னிரண்டு கல்லை எடுத்து நாட்டியது, நாளைக்குப் பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்பார்கள் என்பதற்காக. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். எழும்புவான் என்ற விசுவாசம் அழுகையைத் தடுக்கவில்லை.

கொள்ளி விசயத்திலும் ஒன்று கேட்கிறேன். சவுலையும் பிள்ளைகளையும் பெலிஸ்தர் மதிலில் தூக்கி வைத்தபோது, யாபேஸ் ஊர் ஆண்கள் இரவு முழுக்க நடந்துபோய் உடல்களை இறக்கிக் கொண்டுவந்து எரித்தார்கள், எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள், ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தாவீது அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆசீர்வதித்தான். எதிரியின் கையில் கிடந்த உடலை எடுத்துவர எங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அந்த ஊருக்குக் கிடைத்தது. அந்த அதிகாரத்தை எந்தச் சபையிலும் பிரசங்கிக்க நான் கேட்டதில்லை.

அப்புறம் பொட்டும் தாலியும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண் பொட்டு வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறாள். அதைப் பழைய வாழ்க்கையின் அடையாளம் என்று அழிக்கச் சொல்கிறீர்கள். அவளுக்கு அந்தப் பொட்டு சமயம் அல்ல. அதை அழித்தால் அவர் செத்துவிட்டார் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். பிரசங்கம் செய்வதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகை போட்டு இருந்தார்களே, அங்கே வந்தவர்களிடம் யார் எந்தச் சமயம், எந்தச் சபை என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளையின் படத்தைத்தான் கேட்டார்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் ரிஸ்பாள் என்ற தாய் பாறையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாமல் அறுப்புத் தொடங்கி மழை பெய்யும்வரை காத்திருந்தாள். அந்தத் தாயைப் பார்த்துத்தான் ராஜாவே எலும்புகளை எடுத்து அடக்கம் செய்யப் போனான். அந்தக் கொட்டகையில் எங்கள் சபைகளின் பாஸ்டர்மாரை நான் கண்டது மிக அரிது.

வெளியிலிருந்து அடி விழும்போது மட்டும் நீங்கள் ஒன்றுகூடுகிறீர்கள். 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி ஜெபவீட்டைப் பதிவுசெய் என்று அலுவலர்கள் நெருக்கினால், மதமாற்றிகள் என்று கூட்டம் வந்து சத்தம் போட்டால், எல்லாச் சபையும் ஒரு மேசையில் இருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் சபையில் பிள்ளைகள் செத்தபோது, கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே எல்லாரும் சேர்ந்துதான் அழுதோம். கத்தோலிக்கரை விட்டுப் பார்த்தால் இந்த நாட்டில் மற்றக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேரும் இல்லை. அதற்குள்ளேதான் இத்தனை வேலி.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு கிராமத்தில் உள்ள பாஸ்டர்மார் மாதம் ஒருமுறையாவது ஒன்றாக இருந்து தேத்தண்ணீர் குடியுங்கள். செத்தவீட்டில் செத்தவர் எப்படி வாழ்ந்தாரோ, என்ன சொல்லிவிட்டுப் போனாரோ அதன்படி நடக்க விடுங்கள். பெற்ற மகனைச் சுடலைக்குப் போக விடுங்கள். ஜெபிக்க வேண்டுமென்றால் தேவாரம் முடிந்த பிறகு, ஒலிவாங்கி இல்லாமல் ஜெபியுங்கள், பந்தலில் உள்ள ஒருவரும் மறுக்க மாட்டார்கள். வேறு சபை ஆள் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், தண்ணீரில் இறக்குவதற்கு முன் அவருடைய பாஸ்டரோடு கதையுங்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு, யுத்தத்தில் செத்தவர்களின் பெயர்களைச் சபையில் சத்தமாக வாசிக்க இடம் தாருங்கள். உபதேசம் எதுவும் இதனால் கெடாது. தசமபாகத்தைப் பற்றி, கிழமைக் கடன்காரன் படலையில் நிற்கும்போது காணிக்கைப் பை சுற்றுவதைப் பற்றி எழுத நிறைய உண்டு. அது இன்னொரு நாளைக்கு.

வருகிற மே 18 பின்னேரம் எங்கள் வளவில் கஞ்சி காய்ச்சுகிறேன். அண்ணாவுக்கும் அக்காவுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன். இருவரும் வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. தேவாரம் பாடுகிற மாமா வருவார். அந்த இரண்டு பாஸ்டர்மாருக்கும் இந்தக் கடிதத்தின் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தம்பியின் படத்தை மேசையில் வைப்பேன். பக்கத்தில் விளக்கு வைப்பதா விடுவதா என்று எனக்கே இன்னும் முடிவில்லை. நீங்கள் வந்தால் அதையும் உங்களிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

கர்த்தருக்குள்,
விசுவமடுவிலிருந்து ஒரு விசுவாசி