தொப்பியைக் கழற்று மாப்ளே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு நீ வரைந்து நெட்டில் போடும் துப்பறியும் படக்கதைகளை உங்கம்மா எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். “படம் நல்லா இருக்குண்ணா, பாதி எனக்குத்தான் வெளங்கல” என்று கூடவே ஒரு வரி. விளங்காததற்குக் காரணம் அவள் இல்லை, நீதான். எல்லாரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இதே வேலையில் இறங்கியிருக்கும் இன்னும் நாலு பேர் கண்ணிலும் படட்டும்.

உன் கதைகளில் எனக்குப் பிடித்தது அந்த லாட்டரிக் கதை. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி கேரளத்துக்குள் வந்து சீட்டு வாங்கிய பொள்ளாச்சிக்காரர் கடை வாசலிலேயே செத்துக் கிடக்கிறார். சட்டைப்பையில் முதல் பரிசுச் சீட்டு எட்டிப் பார்க்கிறது. எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. ஏட்டு முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை ஒவ்வொருவராகப் பிணத்துக்குப் பக்கத்தில் வந்து துக்கம் விசாரிக்க உட்காருகிறார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் விற்றால் கேஸ், இந்தப் பக்கம் விற்றால் கஜானாவுக்கு வருமானம். இருட்டும் சிரிப்பும் கலந்த கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த இடத்துக்குத்தான் தொப்பியும் ஓவர்கோட்டும் போட்ட ஓர் ஆளை இறக்கிவிடுகிறாய். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றுக்கு அந்தத் தொப்பி தலையில் நிற்குமா? பங்குனி வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டவன் துப்பறியப் போகமாட்டான், குளுக்கோஸ் ஏற்றத்தான் போவான். போதாததற்கு ஒரு கட்டத்தில் அமெரிக்கப் படக்கதைக்காரர் வில் ஐஸ்னர் பெயரில் ‘ஐஸ்னர் ரோடு’ என்று பெயர்ப்பலகை, இன்னொன்றில் ஏட்டின் கையில் பழைய அமெரிக்கக் காமிக்ஸ் துப்பறிவாளன் டிக் ட்ரேசியின் ரேடியோ வாட்ச். பழைய காமிக்ஸ் படித்தவன் பார்த்துக் கண்ணடிப்பான், சரி. உங்கம்மா மாதிரி ஆள் அங்கேயே கழன்றுகொள்வாள்.

ஐஸ்னர் மேல் உனக்குப் பக்தி இருந்தால் அவர் பெயரைச் சுவரில் எழுதாதே, அவர் செய்த வேலையைச் செய். வில் ஐஸ்னர் ‘தி ஸ்பிரிட்’ என்ற துப்பறியும் படக்கதைத் தொடரைத் தொடங்கியது 1940 ஜூனில். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வந்த 16 பக்க இணைப்பில் அவர் கதைக்குக் கிடைத்தது பெரும்பாலும் 7 பக்கம். தனியாக அட்டை கிடையாது. முதல் பக்கமே அட்டை, அதுவே கதையின் தொடக்கம். அந்த நெருக்கடியில்தான் தலைப்பு எழுத்துகளையே மாடிக் கட்டடங்களாக நிறுத்தினார், மழைத்தண்ணீரில் சாக்கடைக்குப் போகும் காகிதத் துண்டுகளாக்கினார். வேஷம் போட்ட நாயகன்தான் வேண்டும் என்றவர்களுக்காக ஒரு கண்மறைப்பையும் கையுறையையும் மாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் தெருவோரத்து மனிதர்களின் கதையைச் சொன்னார். உன் லாட்டரிக் கதையில் தலைப்புக்கென்றே ஒரு முழுத் திரை வீணாகப் போகிறது. கடைத் தட்டியில் கிளிப் போட்டுத் தொங்கும் சீட்டுகள் இருக்கின்றனவே, ஒரு சீட்டுக்கு ஓர் எழுத்தாகத் தலைப்பை அதில் போட்டுப் பார். நடுவில் ஒரு சீட்டு விற்றுப்போய் ஓர் எழுத்து காணாமல் இருக்கட்டும்.

கறுப்பை நீ கையாள்வது எனக்குப் பிடிக்கிறது. நோயல் சிக்கில்ஸும் மில்டன் கனிஃபும் அமெரிக்கப் பேப்பர்களுக்குத் தினசரிப் படக்கதைத் தொடர் வரைந்து தள்ளவேண்டிய அவசரத்தில்தான் தூரிகையால் நிழலை அப்பும் வித்தையைப் பிடித்தார்கள். கோடு கோடாக நுணுக்கி வரைய நேரம் ஏது? நீ இன்னொன்றையும் சேர்த்திருக்கிறாய். ஏட்டு சீட்டை நோக்கிக் கையை நீட்டியதும் திரை முழுக்கக் கறுப்பு. விரலால் தள்ளத் தள்ளக் கறுப்பு. கடைசியில் அவருடைய ஒற்றைப் பூட்ஸ் மட்டும். புத்தகத்தில் பக்கம் புரட்டுவது செய்கிற வேலையை அந்தக் கறுப்பு செய்கிறது. இதை யாரிடமும் நீ கடன் வாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

சரித்திரம் வேண்டுமென்றால் அமெரிக்காவரை போகவேண்டியதும் இல்லை. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் வந்த பிறகு எங்களுக்குத் துப்பறிவாளர் என்றால் அதில் தமிழ் பேசிய அமெரிக்க ரிப் கிர்பிதான்: மூக்குக் கண்ணாடி, பைப், வீட்டில் பியானோ, கூடவே திருட்டை விட்டுத் திருந்திய வேலைக்காரர் டெஸ்மண்ட். கை ஓங்குவதைவிட யோசிப்பதுதான் அதிகம். நீ படித்த மலையாளப் பள்ளிக்கூடத்துப் பக்கமோ இன்னும் வளம். பின்னாளில் சினிமா இயக்குநரான அரவிந்தன் 1961இலிருந்து 1973 வரை மாத்ருபூமி வார இதழில் ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகமும்’ (சின்ன மனிதர்களும் பெரிய உலகமும்) வரைந்தார். டாம்ஸ் வரைந்த ‘போபனும் மோளியும்’ என்ற நகைச்சுவைத் தொடர் நீயே மடியில் வைத்துப் படித்ததுதான். அதில் அந்த நாய்க்குட்டியைக் கவனித்திருக்கிறாயா? பெரியவர்கள் சண்டை ஒருபக்கம் நடக்கும், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் அது மூலையில் தன் வேலையைப் பார்க்கும். கொலைக் கதையில் சிரிப்பை வைக்கவேண்டிய இடம் அந்த மூலைதான். நீ எல்லாவற்றையும் நாயகன் வாயிலேயே வைக்கிறாய்.

இனி எனக்குப் பிடிக்காதது. டீக்கடையில் கிளாஸ் கழுவும் வடநாட்டுப் பையன். வாய் பிளந்தபடியே இருக்கிறான், பேசினால் உளறல், எல்லாரும் தலையில் தட்டுகிறார்கள். அவனுக்கென்று பேர்கூட இல்லை. ஐஸ்னரும் இதைச் செய்தார். ஸ்பிரிட்டுக்குத் துணையாக எபனி ஒயிட் என்று ஒரு கறுப்பினப் பையன். தடித்த உதடு, கொச்சைப் பேச்சு. அத்தனை அழகான பக்கங்களை இன்றைக்கு எடுத்தால் அவன் வரும் இடமெல்லாம் கூசுகிறது. கடைசிக் காலம் வரை ஐஸ்னர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. வகுப்பில் ‘பாண்டி’ என்று, தமிழர்களை மலையாளத்தில் இளக்காரமாகச் சொல்லும் அந்தப் பேரால் கூப்பிட்டுச் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தவன் நீ. உன் பேனாவிலிருந்து இது வரலாமா? கிளாஸ் கழுவுகிறவனை யாரும் கவனிப்பதில்லை, அவனோ எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சீட்டு யார் பைக்குப் போனது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டியவனே அவன்தான். கதையையே அவனிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்த கதைக்கு ஒரு விஷயம்: 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் செக்போஸ்ட்டுகளை மூடினார்கள். எல்லையில் இருக்கும் வாளையாரில் லாரி வரிசையை வைத்தே பிழைத்தவர்கள் எத்தனை பேர், டீ விற்றவன் முதல் புரோக்கர் வரை. செக்போஸ்ட் போன பிறகும் தினம் வந்து அங்கே நிற்கிற ஒரு புரோக்கரை யோசித்துப் பார்.

யாரோ ஒரு கம்பெனிக்காரர் உன்னிடம் பேசுகிறாராமே, இதையே அறுபது எபிசோடாக இழுக்கச் சொல்லி. உங்கம்மா சந்தோஷத்தில் இருக்கிறாள். இழுத்தால் லாட்டரிக் கதை செத்துவிடும். பிணத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேரைத்தான் உட்காரவைப்பாய்? பணமும் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உரிமை யாருக்கு என்பதைப் பார். ஐஸ்னர் 1940லேயே ஸ்பிரிட்டின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். டாம்ஸ் மலையாள மனோரமா வார இதழை விட்டு வெளியே வந்தபோது, தான் பெற்ற போபனையும் மோளியையும் தானே வரைவதற்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது. 2013இல் கதை எழுதும் பிரையன் கே. வானும் படம் வரையும் மார்கோஸ் மார்ட்டினும் ‘தி பிரைவேட் ஐ’ என்ற படக்கதையைத் தாங்களே நெட்டில் போட்டு, படிப்பவர் இஷ்டப்பட்ட காசைக் கொடுக்கட்டும் என்று விட்டார்கள். அதுவும் துப்பறியும் கதைதான். திரையின் வாட்டத்துக்கு ஏற்றபடி பக்கங்களைக் குறுக்குவாக்கில் வரைந்திருந்தார் மார்ட்டின். பத்து இதழோடு முடித்தும்விட்டார்கள்.

ஒப்பந்தத் தாள் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, பொள்ளாச்சியில் தெரிந்த வக்கீல் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் மாமன்,
மீனாட்சிபுரம்