கையில் சான்றிதழ், எதிரே ஒரு மனிதர்

உடற்பயிற்சி, விளையாட்டுப் பயிற்சிப் படிப்புகளை வகுப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடத்துக்கும் மேலாக ஜிம்மில் பயிற்றுநராக இருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக, படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்கிவிடுவதுதான் என் முக்கிய வேலை. அவர்கள் எல்லோரும் உங்களிடமிருந்து வருகிறவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். 58 வயதுக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத பையன் ஒருவன் அவரை டிரெட்மில்லில் ஏற்றியிருந்தான். நன்றாகப் படித்த பையன். 220-இல் வயதைக் கழித்தால் வருவது நிமிடத்துக்கு உச்சத் துடிப்பு என்பது பாடக் கணக்கு: இவருக்கு 162, அதில் 70 சதவீதம் 113. அந்த எண்ணைத் தொடவைக்க வேண்டும் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். திரையில் நாடித்துடிப்பு 96-ஐத் தாண்டவில்லை. "இன்னும் கொஞ்சம் சார், உங்களுக்கு இது பத்தாது" என்றான். மறுகோடியில் இருந்த எனக்கு அவருடைய தோள்கள் காதுவரை ஏறியிருப்பது தெரிந்தது. கிட்டே போனால், கைப்பிடியை இறுக்கிய விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வேகத்தைக் குறைத்து, மெல்ல நடக்கவிட்டு, இறக்கி உட்கார வைத்தோம். மூச்சு அடங்கியதும், "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். பிரஷருக்கு ஒன்று, என்றார். பெயரைக் கேட்டால் பீட்டா பிளாக்கர் வகை. அது இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் மருந்து. ஆள் திணறிப்போனாலும் திரையில் எண் ஏறாது. சேரும்போது நிரப்பிய படிவத்தில், இதயக் கோளாறு உண்டா என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரையை அவர் நோய்க்கணக்கில் சேர்க்கவே இல்லை, அவ்வளவுதான். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீட்டா பிளாக்கர் அவன் பாடத்தில் இருந்தது. தேர்வில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, பேச்சோடு பேச்சாக அவர் உடம்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடப் பழக்கம் தரவில்லை. எலும்பு, தசைப் பெயர்களை மனப்பாடம் செய்ய எத்தனை வாரம் ஒதுக்குகிறீர்கள்? ஆளைப் பார்க்க, கேட்க எத்தனை மணி நேரம்?

அந்த 220 கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், ஏற்கெனவே இருந்த அளவீடுகளின் மேல் உத்தேசமாக இழுத்த கோடு அது. ஒரே வயதுள்ள இரண்டு பேருடைய உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வேறுபடுவது சாதாரணம். இதைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் அதை வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் தந்தார். உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று பயிற்சி செய்கிறவரே எண்ணால் சொல்வது. அதைவிட எளிது பேச்சுச் சோதனை: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. அன்றைக்கு அந்தப் பையன் அவரிடம் எதையாவது பேசச் சொல்லியிருந்தாலே போதும், திரையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், சொல்லிக்கொடுக்கும் விதம். புதியவர் ஒருவருக்கு ஸ்குவாட் சொல்லித்தரும்போது, "முழங்கால் இங்கே, இடுப்பு அங்கே, முதுகெலும்பை நேராக வை, வயிற்றை இறுக்கு" என்று ஒரே மூச்சில் ஏழு கட்டளை போடுகிறார்கள். அவர் மரம் மாதிரி நின்றுவிடுகிறார். "பின்னால் ஒரு நாற்காலி இருக்கு, மெதுவா உட்காரப் போங்க" என்றால் பாதி தானாகச் சரியாகிவிடும். உடலசைவுக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நின்றவர்களில் காலைக் கவனித்தவர்களைவிட, காலுக்கடியில் இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். வாயில் வரும் சொல்லும் இந்தத் தொழிலில் ஒரு கருவிதான். அதற்கும் பயிற்சி வேண்டும். தொட்டுத் திருத்துவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்பதும், வேண்டாம் என்றால் முகம் மாறாமல் வேறு வழியில் காட்டுவதும் இதில் சேர்த்திதான்.

படித்தது பழசாகும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பியவர் மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். சொன்னவரே மாற்றிக்கொண்டார். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் கைக்குறிப்பில் அது இன்னும் பழைய மாதிரியேதான் இருக்கிறது.

உயிர் காக்கும் முதலுதவி பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், பின்லாந்துக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே சிபிஆர் (நெஞ்சைத் திரும்பத் திரும்ப அழுத்தும் முதலுதவி) கொடுத்து, மின் அதிர்ச்சியும் கொடுத்து மீட்டார்கள். பிறகு அவர் மறுபடியும் பந்தாட வந்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சிபிஆரில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். இதை எழுதுவது சுலபம். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் விடாமல் செய்து பாருங்கள், கை நடுங்கும். என்னிடம் வந்த ஒரு பெண் சான்றிதழில் முதலுதவி 'தேர்ச்சி' வைத்திருந்தாள். பொம்மையை வகுப்பில் ஒரே ஒரு தடவை தொட்டதாகச் சொன்னாள், அதுவும் முப்பது பேர் வரிசையில். நீங்கள் ஆள் மாற்றி ஆள் தொட்டுப் பார்க்க வைப்பது பழக்கம் ஆகாது. அடுத்த வருடம் அவர்களைத் திரும்ப அழைத்துச் சோதியுங்கள்.

இந்தத் துறையில் எல்லோரும் பயிற்றுநராகப் போவதில்லை என்பதும் தெரியும். வீடியோ பகுப்பாய்வு, நடுவர் பணி, மைதான நிர்வாகம் என்று போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அடிப்படை இதேதான்: பார்த்ததைப் புரியும்படி எழுதிவைப்பது, தன் எல்லைக்கு வெளியே உள்ளதை உரியவரிடம் அனுப்பிவைப்பது. முழங்கால் வலிக்கு என்ன என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் ஃபிசியோவிடம் அனுப்பும் பயிற்றுநரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. அவரிடம்தான் திரும்ப வருகிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். பாட நேரத்தில் பாதியை உண்மையான ஆட்களோடு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, செலவிடச் செய்யுங்கள். சக மாணவர்கள் மேல் செய்து பார்ப்பது போதாது. எல்லோரும் இருபது வயது, எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது. முதியவர், பிரசவத்துக்குப் பிந்தைய தாய், பத்து வருடமாக நாற்காலியிலேயே வேலை பார்த்தவர், விளையாட்டை விட்டுவிட்டு உடம்பு கனத்துப்போன முன்னாள் வீரர் இவர்களெல்லாம் வர வேண்டும். இறுதித் தேர்வில், முன்பின் தெரியாத ஒருவரோடு மாணவர் கழிக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பெண் போடுங்கள். எத்தனை கேள்வி கேட்டார், பதிலைக் காது கொடுத்துக் கேட்டாரா, கேட்டதற்கு ஏற்பத் திட்டத்தை மாற்றினாரா என்று பாருங்கள்.

இடமில்லை, ஆளில்லை என்பீர்களானால், நான் இருக்கிறேன். ஒரு தடவைக்கு நான்கு மாணவர்களை அனுப்புங்கள். முதல் வாரம் யாரையும் எடையைத் தொடவிட மாட்டேன். கையில் ஒரு நோட்டைக் கொடுத்து வாசல் ஓரம் நிற்க வைப்பேன். உள்ளே வருகிறவர் எந்தக் காலைத் தாங்கி நடக்கிறார், பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறார், படியேறி வந்ததும் பேச எத்தனை நொடி ஆகிறது என்று எழுதட்டும். மாலையில் உட்கார்ந்து நாங்கள் சேர்ந்து படிப்போம். அந்த 58 வயதுக்காரர் இப்போதும் வருகிறார். புதுப் பிள்ளைகளோடு பேசச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒரு பயிற்றுநர்